நிற்கக் கூடாத பெட்டி

“தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள என்ன?”

கடுகண்ணாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் சேதுராமன், மாடி அறையை வாடகைக்கு விட்ட அன்றே இதைக் கேட்டுவிட்டார். வந்தவன் அஜந்தன், யாழ்ப்பாணத்துப் பையன். அவன் கொண்டுவந்தது ஒரு பாய், ஒரு உடுப்பு பேக், கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி. உடுப்பை மூலையில் எறிந்துவிட்டு, பெட்டியை மட்டும் பச்சைப்பிள்ளையைக் கிடத்துவது போல் மேசையில் வைத்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது?

“நோடு எண்டு சொல்லுறது, ஐயா. ஒரு கம்ப்யூட்டர்தான். ரகசியமான கிரிப்டோ காசு ஒண்டு இருக்கு. ஆர் அனுப்பினது, ஆருக்குப் போனது எண்டு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலாது. அந்தக் காசின்ர கொடுக்கல் வாங்கல் முழுக்க இதுக்குள்ள இருக்கு.”

சேதுராமனின் காது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது. காசு முழுக்க இதற்குள் இருக்கிறது. எடுத்தால் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

“பொலிசாலயும் முடியாதா?”

“ஏலாது ஐயா. ஆனால் இதை நிப்பாட்டக் கூடாது. கரண்டும் இன்டர்நெட்டும் எந்நேரமும் இருக்கோணும். நிண்டால் என்ர பிழைப்புப் போச்சு.”

அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. கண்டி டவுனில் மூன்று மாடியில் ஒரு கடை, அதன் நெற்றியில் தன் பெயர். பல வருடக் கனவு அது. அந்தக் கனவு இப்போது அவர் தலைக்கு மேலேயே நீல வெளிச்சத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஊரில் ஒரு கல்யாணம் என்று அஜந்தன் புறப்பட்டான். மாடி அறைப் பூட்டின் திறப்பை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். அடுத்து வந்த பௌர்ணமி, போயா தினம் என்று கடைக்கு லீவு. சேதுராமன் திறப்பைப் போட்டு அறைக்குள் போனார். கள்வன் வந்தது போல் இருக்க வேண்டுமே என்று தன் வீட்டு ஜன்னல் கண்ணாடியைத் தானே உள்ளே நின்று உடைத்தார். கண்ணாடித் துண்டுகள் எல்லாம் வெளிப்பக்கம் விழுந்ததை அந்த அவசரத்தில் அவர் பார்க்கவில்லை.

பெட்டியை எங்கே வைப்பது? காசு என்றால் லட்சுமி. லட்சுமிக்கு இடம் சாமி அறை. அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மனைவி ஞானேஸ்வரி பெட்டிக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, பக்கத்தில் விளக்கும் ஏற்றினாள். அது என்னவென்று அவள் கேட்கவில்லை. கணவர் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் கொண்டுவந்த முதல் சாமான் அதுதான்.

திரும்பி வந்த அஜந்தன் ஜன்னலைப் பார்த்தான். போனில் இரண்டு படம் எடுத்தான்.

“பொலிசுல சொல்லுவோமா தம்பி?” என்றார் சேதுராமன்.

“வேண்டாம் ஐயா. போனால் என்னைத்தான் முதலில விசாரிப்பினம்.”

ஆகா, கள்ளக் காசுதான் என்று சேதுராமனுக்கு உள்ளே வெடி கொளுத்தியது போல் இருந்தது.

பெட்டி நின்றால் உள்ளே இருக்கும் காசும் போய்விடும், இனி அதை நிற்கவிடாமல் காக்க வேண்டும். புது இன்டர்நெட் இணைப்பு எடுத்தார். கரண்ட் போனாலும் ஓட வேண்டுமென்று கடையிலிருந்த பெரிய பற்றரியைக் கொண்டுவந்து மாட்டினார். கடனுக்கு ஒரு ஆணி கொடுக்காத மனிதர், கரண்ட் பில்லை முகம் சுளிக்காமல் கட்டினார்.

ஒன்றே ஒன்றுதான் குறை. திரையைப் பொருத்திப் பார்த்தால் பெட்டி பாஸ்வேர்ட் கேட்டது. அதைப் பையனிடமிருந்து எப்படியாவது கறக்க வேண்டும். காலையில் இடியப்பமும் சம்பலும் மாடிக்குப் போயின. ஞாயிறென்றால் கோழிக்கறி. கடைசியில் வாடகையையும் பாதியாக்கினார். பையன் எல்லாவற்றையும் சாப்பிட்டான், ஊர்க் கதையெல்லாம் சொன்னான், பாஸ்வேர்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் அஜந்தன் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினான். வாசலில் முச்சக்கர வண்டி நின்றது.

“தெல்தெனியவுக்கு மாறிறன் ஐயா. உங்கட உதவியை மறக்க மாட்டன். ஒரு சின்ன விசயம். சாமி அறையில விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில பெட்டி கண்டபடி சூடாகுது. எனக்குப் போனில காட்டுது.”

சேதுராமன் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

“அப்ப... அதுல உள்ள காசு?”

“அதுக்குள்ள ஒரு சதமும் இல்லை ஐயா. ஊர் உலகம் செய்யிற கொடுக்கல் வாங்கல் சரியோ எண்டு பாத்து, அடுத்த பெட்டிக்கு அனுப்பும். அவ்வளவுதான் அதின்ர வேலை. நிக்காமல் ஓடினால் வெளிநாட்டுக்காரர் எனக்கு மாதாமாதம் சம்பளம் தருவினம். கரண்ட் பில்லும் இன்டர்நெட் பில்லும்தான் கட்டுப்படியாகேல்லை.”

“நான் இப்பவே வயர இழுத்து எறியிறேன்டா!”

“எறியாதேங்கோ ஐயா.” பையனின் குரலில் மரியாதை ஒரு துளியும் குறையவில்லை. “பெட்டி நிண்டால், அது களவு போனது எனக்கு ஞாபகம் வந்திடும். உள்ளுக்க இருந்து உடைச்ச ஜன்னலின்ர படமும் போனில கிடக்கு.”

சாமி அறையிலிருந்து ஞானேஸ்வரியின் மணிச்சத்தம் கேட்டது. முச்சக்கர வண்டியில் ஏறிய அஜந்தனின் மடியில் அதே போல் இன்னொரு கறுப்புப் பெட்டி இருந்தது.

அறை பார்க்கப் போன அன்றே தெல்தெனிய வீட்டுக்காரர் கேட்டுவிட்டாராம்: “தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள என்ன?”