சுற்றிக் காட்ட வந்தவள்

“உண்மையைச் சொல்லுங்க மாரித். இங்க வந்து சேர்ந்தா நான் அழுவேனா?”

க்வென் இப்படிக் கேட்டதும் மாரித் சிரித்துவிட்டாள். பல்கலைக்கழகத்தின் பெண்கள் படகோட்டும் அணியில் சேர அழைப்பு வந்து, இடத்தைப் பார்த்துப் போக அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்திருந்த பள்ளிக்கூடப் பெண் க்வென். அவளுக்குச் சுற்றிக் காட்டுபவள், அணியில் மூன்றாம் ஆண்டு மாணவியான மாரித்.

“அழுவ. டிசம்பர்ல ஏரி உறைஞ்சதும், உள்ள மெஷின்ல உக்காந்து துடுப்புப் போடச் சொல்வாங்க. அப்ப கண்டிப்பா அழுவ.”

மாரித் எதையும் மறைக்கவில்லை. விடியுமுன் தண்ணீரில் இறங்க வேண்டும், எட்டரைக்கு ஈரத் தலையோடு வேதியியல் வகுப்பில் இருக்க வேண்டும், போட்டிக்குப் போகிற பஸ்ஸிலேயே பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாள். போன வருடம் முதுகு பிடித்து ஆறு வாரம் கரையில் நின்றதையும், தோழிகள் படகில் போவதைப் பார்க்கச் சகிக்காமல் நூலகத்தில் ஒளிந்து கிடந்ததையும்கூடச் சொன்னாள்.

க்வெனின் முகம் வாடியது. இன்னொரு பல்கலைக்கழகமும் தன்னைக் கூப்பிடுகிறது, அங்கே யாரும் இப்படியெல்லாம் பயமுறுத்தவில்லை என்றாள்.

“சொல்ல மாட்டாங்க. அங்கயும் இதேதான்.”

இருவரும் படகுத்துறைக்கு வந்திருந்தார்கள். எட்டுத் துடுப்புகள் ஒரே ஓசையாக விழ, ஒரு படகு ஏரியைக் கிழித்துக்கொண்டு போனது. மாரித் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவ்வளவு கஷ்டத்துக்கு அப்புறமும் ஏன் விடாம இருக்கீங்க?”

“எட்டுப் பேரும் ஒரே மூச்சா இழுக்கிற அந்த ரெண்டு நிமிஷம் இருக்கே, அது எனக்கு வேற எங்கயும் கிடைக்கல. நீ இழுக்கிறதை வீடியோவுல பார்த்தேன். நீ இங்கதான் வரணும் க்வென்.”

க்வென் வெகுநேரம் ஏரியைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று கோச்சின் அறைக்குப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்து, மாரித்தைக் கட்டிக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் ரெண்டு பேரும் ஒரே படகுலதானே?”

மாரித் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அடுத்த வருடம் போட்டிக்குப் போகும் படகில் மிச்சமிருப்பது ஓர் இடம்தான், அந்தப் பெண் வந்தால் அவளுக்கு, வராவிட்டால் உனக்கு என்று கோச் அன்று காலையில்தான் மாரித்திடம் சொல்லியிருந்தார். சுற்றிக் காட்ட வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று அவர் தயங்கியபோது, “வேணாம், நானே போறேன்” என்று கிளம்பி வந்திருந்தாள் அவள்.