லாஜிக் இல்லாத படம்

“குப்பைப் படம்!” தியேட்டர் வாசலிலேயே கணக்கு வாத்தியார் வெடித்தார். “வேற்றுக்கிரகவாசி ஒருத்தன் ஊருக்கு வெளியே ஒரு தெருவுல வீடு பிடிச்சு வருஷக்கணக்கா இருக்கானாம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாதாம். நல்லா காதுல பூ சுத்துறாங்க!”

“எனக்குப் பயமாத்தான் இருந்தது,” என்றாள் மனைவி.

“நான் அழுதுட்டேன் சார்,” என்றார் அருகில் நின்ற கண்ணாடிக்காரர். “பாவம், கடைசிவரைக்கும் அவன்கிட்ட யாருமே பேசலை.”

“திகில் படத்துக்கு அழுதாராம்! உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இதெல்லாம் ஓடுது.” வாத்தியார் மனைவியை இழுத்துக்கொண்டு நடந்தார்.

கண்ணாடிக்காரரும் பின்னாலேயே வந்தார். அவர்கள் ரோட்டைக் கடந்தபோது அவரும் கடந்தார். அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது அவரும் திரும்பினார்.

“நம்மளைத்தாங்க தொடர்ந்து வர்றான்.” மனைவி நடையை வேகமாக்கினாள்.

வீட்டு கேட்டருகே வாத்தியார் சட்டென்று திரும்பினார். “யோவ், யாருய்யா நீ? போலீஸைக் கூப்பிடட்டுமா?”

கண்ணாடிக்காரர் மிரண்டுபோய் நின்றார். பிறகு சாவியை எடுத்து, அடுத்த வீட்டு கேட்டைத் திறந்தார்.

“இங்கதான் சார் குடியிருக்கேன். நாலு வருஷமா.”