ஏழாவது மெஷின்

திரையில் ஆறு கட்டங்கள் பச்சையாகிவிட்டன. அம்பிளி ஏழாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது சிவப்பாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. வெளிநாட்டுப் பல் டாக்டர்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பவர்கள். எட்டுப் பேர் எழுதுவார்கள். எழுதியது ஓடுகிறதா என்று அம்பிளி ஓட்டிப் பார்ப்பாள்.

ஓட்டிப் பார்க்கப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்றையும் கையால் தொட முடியாது. எல்லாம் ஒரே பெரிய பெட்டிக்குள் குடியிருக்கிற விர்ச்சுவல் மெஷின்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்டோஸ், ஒரு மொழி. தினமும் ஒவ்வொன்றாகத் திறந்து, அன்றைய மென்பொருளை ஏற்றி, சோதித்து, குறித்துக்கொண்டு, அழித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் பன்னிரண்டும் ஒன்றுமே நடக்காதது போல வந்து நிற்கும். நான்கு வருஷமாக அதுதான் அவள் வேலை. வீட்டில் உலை கொதித்ததும் அதனால்தான்.

இனிமேல் அதையெல்லாம் அந்த எட்டுப் பேரில் ஒருவனான பினுவின் ஸ்கிரிப்ட் தானே செய்துகொள்ளும், ஒரே மணி நேரத்தில். இன்றுதான் அதன் முதல் ஓட்டம்; மெஷினுக்கு ஒரு கட்டம், ஓடி முடித்தால் பச்சை, மாட்டிக்கொண்டால் சிவப்பு.

அதற்கு வேண்டியதை எழுதிக் கொடுத்தவளும் அம்பிளிதான். முதலாளி விஸ்வநாத் கேட்டபோது முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, தான் செய்வதையெல்லாம் கோடு போட்ட நோட்டில் மலையாளத்தில் வரிசையாக எழுதினாள். நாற்பத்து மூன்று வரிகள். தன் குழியைத் தானே வெட்டுகிறோம் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

அவள் பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது.

அம்மா காளியம்மை கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. பத்தொன்பது வருஷம் எரணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவைப் பெருக்கினாள். வேலையில் இருக்கும்போதே செத்துப்போனதால் அந்த வேலையைப் பிள்ளைகளில் ஒருவர் கேட்டு வாங்கலாம். நாளை கடைசி நாள். அம்பிளி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தன் துடைப்பம் தன்னோடு போகட்டும் என்று அம்மா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

போடாமல் தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. அவள் எழுதாமல் விட்ட நாற்பத்து நான்காவது வரி.

ஏழாவது, ஜெர்மன் மெஷின். திறந்த கையோடு மென்பொருளை ஏற்றினால் பாதியில் மாட்டிக்கொள்ளும். பத்து நிமிஷம் சும்மா விட்டுவிட்டு ஏற்றினால் சமர்த்தாக ஏறிவிடும். எட்டுப் பேரும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட இந்தச் சங்கதியைக் கண்டுபிடித்தவள், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அம்பிளி. விஸ்வநாத் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அம்மா அதை பிராட்வேயில் கடை கடையாகச் சொல்லித் தீர்த்தாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தப் பத்து நிமிஷம் அம்பிளி ஜன்னலோரம் உட்கார்ந்து, எரணாகுளத்துக்குப் போகும் படகைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வரியை அவள் வேண்டுமென்றேதான் விட்டாள். ஸ்கிரிப்ட் ஏழாவதில் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும். அம்பிளி இல்லாமல் ஆகாது என்று தெரியட்டும்.

ஏழாவது கட்டம் மஞ்சளானது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அவள் கைகளைக் கோத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

நான்காவது நிமிஷத்தில் பச்சை.

எல்லாரும் கைதட்டினார்கள். அன்றைக்கு அவளுக்காகத் தட்டிய அதே கைகள்.

"அம்பிளி, உன் பிரார்த்தனை பலிச்சுடுத்து போ!" என்று விஸ்வநாத் சிரித்தார்.

பினு நாற்காலியைத் திருப்பி, நன்றியோடுதான் சொன்னான். "சேச்சி, ஏழாவதுக்கு அந்தப் பத்து நிமிஷத்தை எழுதாம விட்டது நல்லதாப் போச்சு. அந்தக் கோளாறை ரெண்டு வருஷம் முன்னமே நான் சரியாக்கியாச்சு. ஆரும் சேச்சிகிட்டே சொல்லலையா?"

அம்பிளி இல்லை என்று தலையை ஆட்டினாள். சிரிக்கவும் செய்தாள்.

வேலை போனது அந்த நிமிஷத்தில் அவளுக்கு உறைக்கவே இல்லை. இரண்டு வருஷம் தினமும் ஜன்னலோரத்தில் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறாள். போகட்டும், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாளைத்தான் பொறுக்க முடியவில்லை.

போன மார்ச் மாதம், இதே நேரம். தம்பி ரதீஷ் போன் பண்ணினான். அம்மா பிராட்வேயில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம், உன்னைத்தான் கேட்கிறாள், உடனே வா என்றான்.

அம்பிளி அப்போதுதான் ஏழாவது மெஷினைத் திறந்திருந்தாள். அன்றைக்கே டாக்டர்களுக்கு அனுப்பியாக வேண்டிய மென்பொருள். வெயிலில் வந்த மயக்கமாக இருக்கும், இதை முடித்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்தாள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே எரணாகுளத்துப் படகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிப் போனது. அடுத்த படகுக்கு முக்கால் மணி நேரம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்தப் பத்து நிமிஷத்தை யாராலும் குறைத்திருக்க முடியாது என்று சொல்லித்தான் இத்தனை மாதமும் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

எட்டாவது கட்டமும் பச்சையானது. யாரோ எல்லாருக்கும் சாயா சொன்னார்கள்.

அம்பிளி பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். பினுவிடம் ஒரு பேனா கேட்டாள்.