உச்சி வெயிலில் ஒரு குழாய்

செடெனாக் ஊரில் அன்னாசியை டின்னில் அடைக்கும் ஆலையில் கழிவு அள்ளுபவள் காத்தாயி. தோல் கழுவிய சேற்றோடு சாணியும் சாம்பலும் கலந்து அவள் குழியில் ஊற்றி, மேலே இரும்புப் பீப்பாயைக் கவிழ்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பீப்பாய் தானாக ஒரு முழம் எழும்பியிருந்தது.

“சேத்துலேர்ந்து அடுப்பெரிக்கிற கேஸ் வருமாம்! இன்னிக்கி எரியலேன்னா குழியையும் மூடறோம், உன்னையும் அனுப்பறோம்,” என்றார் ஆலைக் கணக்கெழுதும் தங்கராஜு கிராணி. பக்கத்தில் சீன முதலாளி குடையோடும், கூலியாட்கள் மண்வெட்டிகளோடும் நின்றார்கள்.

உச்சி வெயில். காத்தாயி பீப்பாயின் குழாயைத் திறந்து, எரியும் தீக்குச்சியைக் காட்டினாள். குழாய் வாயில் ஒன்றுமே தெரியவில்லை.

கிராணி தொடையைத் தட்டிச் சிரித்தார். “எங்கடி நெருப்பு? கையெழுத்துப் போடத் தெரியாதவ கண்டுபிடிக்கக் கிளம்பிட்டா! டேய், மண்ணத் தள்ளுங்கடா!”

“கிட்டப் போகாதீங்க ஐயா,” என்று காத்தாயி தடுத்தாள்.

“ஏன், உன் குட்டு உடைஞ்சிடுமா?” கிராணி குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

“ஐயோ!”

பாதி மீசை கருகிச் சுருண்டது.

காத்தாயி முதலாளியின் குடையை வாங்கிக் குழாய்க்கு நிழல் பிடித்தாள். ஒரு சாண் உயரத்துக்கு நீல நெருப்பு நின்றது.

“அப்பவே பத்திக்கிச்சு. இந்தத் தீ வெயில்ல கண்ணுக்குத் தெரியாது. என்னைப் பேச விட்டாத்தானே சொல்றதுக்கு!”

“ஜாங்கான் தூத்துப்! மூடாதே!” முதலாளி மலாயும் தமிழும் கலந்து கத்தினார். “இன்னும் ரெண்டு குழி வெட்டு!”

காத்தாயி ஒரு மண்வெட்டியை எடுத்துக் கிராணியிடம் நீட்டினாள்.

“மொதக் குழி நீங்க வெட்டுங்க, ஐயா.”