கறுப்பு வில்லை

இரண்டாம் உலகப்போரை வைத்துத் தயாபரன் ஒரு பலகை விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். அதில் குண்டுகளெல்லாம் சின்னச் சின்ன அட்டை வில்லைகள். எந்த டாங்கியையும் துளைக்கும் டங்ஸ்டன் குண்டுக்குக் கறுப்பு வில்லை. ஜெர்மன் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் பத்துக் கறுப்பை அள்ளிக் கொடுத்திருந்தான். மேல்வீட்டில் குடியிருந்த, ஒரு காலை இழுத்து நடக்கும் கணநாதன் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பிழை தம்பி. அவங்களுக்கு டங்ஸ்டன் தட்டுப்பாடு. ஒண்டு ரெண்டுதான் குடுத்திருப்பாங்கள்."

தயாபரன் புத்தகங்களைப் புரட்டினான். அவர் சொன்னது சரிதான். பீரங்கிக்கு ஒன்று என்று குறைத்தான்.

அதோடு விளையாட்டு படுத்துவிட்டது. ஜெர்மன் பக்கம் ஆடிய நண்பர்கள் எல்லோரும் தோற்றார்கள். சாதாரணக் குண்டுகளைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, கறுப்பை மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தே செத்தார்கள்.

"எங்கயோ பிழை விட்டிட்டன் அண்ணை. ஒருத்தரும் அதைச் சுடுறாங்கள் இல்லை."

கணநாதன் பலகையைக் குனிந்து பார்த்தார்.

"இல்லைத் தம்பி. இப்பதான் சரியா வந்திருக்கு."

"எப்பிடி?"

"நான் சண்டையில நிண்ட நேரம் எங்கட பங்கர்க் குழியிலயும் கடைசியா ஒரு குண்டு கிடந்தது. பெரிய டாங்கி வரட்டும் எண்டு வச்சிருந்தம்."

"வந்ததோ?"

"எல்லாம் சின்னன்தான் வந்தது."

அவர் ஒரு கறுப்பு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினார். தயாபரன் மற்ற வில்லைகளையெல்லாம் பொறுக்கிப் பெட்டியில் போட்டு, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்தக் கை திறக்கவில்லை.