ஏழாவது சிரிப்பு

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தணிக்கை அதிகாரி மறுபடியும் சிரித்தார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிக்கனோர் ஸாவிச் மடியிலிருந்த தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். இது ஆறாவது சிரிப்பு.

தன் கதையில் வாத்து வரும் இடமாக இருக்கும் என்று நினைத்தார். போலீஸ் தலைவரின் வாத்து அணிவகுப்புக்குள் புகுந்துவிட, சிப்பாய்கள் அதற்கு விறைப்பாகச் சல்யூட் அடிக்கும் இடம்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் அடுத்தவர் மனுக்களைப் படியெடுத்தவர். சொந்தமாக எழுதியது இந்த எட்டுப் பக்கம்தான்.

மனைவி கிளஃபீராவுக்காக எழுதினார்.

அவள் கடைசியாகச் சிரித்து, போன குளிர்காலத்தோடு ஒரு வருடம் ஆயிற்று. அவர் எது சொன்னாலும் சுவரைப் பார்ப்பாள். ஞாயிறு காலை வரும் மாகாண இதழை மட்டும், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படிப்பாள். கடைசிப் பக்கத்து அறிவிப்புகளை இரண்டு தடவை.

அதில் புனைபெயரில் இந்தக் கதை வந்தால், தன்னையும் மறந்து ஒரு முறை சிரித்துவிடுவாள். அது போதும்.

ஏழாவது சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"குடுத்துவெச்சவர்யா நீர்," என்றார் மேஜையிலிருந்த எழுத்தர். "சம்பளம் ஏறின அன்னிக்குக்கூட அவர் பல்லை நாங்க பார்த்ததில்ல."

கதவு திறந்தது. அதிகாரி அர்தலியோன் லூக்கிச் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரலெல்லாம் சிவப்பு மை.

"கொன்னுட்டீங்க, நிக்கனோர் ஸாவிச். வயிறு வலிக்குது."

காகிதங்களை நீட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு.

"நான் சிரிச்ச இடத்தையெல்லாம் அடிச்சிட்டேன். எனக்கே சிரிப்பு வருதுன்னா, நீங்க யாரையோ சொல்றீங்கன்னுதானே அர்த்தம்? பயப்படாதீங்க. மிச்சத்துக்கு அனுமதி குடுத்தாச்சு."

மிச்சம் மூன்று வரிகள்.

மகன் காலையில் கிளம்பினான். பனி பெய்துகொண்டிருந்தது. அம்மா தேநீர் சமோவாரை மூட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

அதற்குக் கீழே முத்திரை இன்னும் ஈரமாக இருந்தது.

நிக்கனோர் ஸாவிச் மூன்று வரிகளையும் மறுபடி படித்தார். பிறகு, "வேண்டாங்க ஐயா. நான் திருப்பி எடுத்துக்கறேன்," என்றார்.

அதிகாரியின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போயிற்று.

"முத்திரை விழுந்ததை ஏன் திருப்பிக் கேக்கறீங்க? இந்த மூணு வரியில என் கண்ணுக்குப் படாதது ஏதாவது இருக்கா?"

இருந்தது.

இல்லை என்று தலையாட்டினார்.

"அப்போ ஞாயித்துக்கிழமை வந்துடும்," என்றார் அதிகாரி. எழுத்தர் காகிதங்களை வாங்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து அச்சகத்துக்குப் போனார்.

ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. அவர் கையிலிருந்த காகிதக் கட்டுக்குள், சிவப்புக் கோட்டுக்கு அடியில், கடைசிப் பக்கமும் இருந்தது. வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பூட்ஸிலிருந்து பனியை உதறியபடி, மகன் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் பக்கம்.

வாத்து கற்பனை. அணிவகுப்பு கற்பனை. அவன் திரும்பி வந்ததும் கற்பனை.

அந்த மூன்று வரிகளை மட்டும் அவர் இட்டுக்கட்டவில்லை.