முதல் ஹலோ

"முன்பின் தெரியாத ஆளுக்கு நீயா போய் ஹலோ போட்டிருக்கே?" அப்பா மகளின் போனைப் பிடுங்கினார். "கல்யாணத்தை வச்சுக்கிட்டு என்ன கூத்து இது?"

மகள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆமா, நான்தான் ஆரம்பிச்சேன். நீங்க மாப்பிள்ளையைப் பத்தி யார்கிட்ட விசாரிச்சீங்க?"

"அவரோட சித்தப்பா, மாமான்னு எல்லாம் தெரிஞ்சவங்ககிட்டதான். சொக்கத்தங்கம்னாங்க. உன் புத்தி ஏன் இப்படிப் போகுது? எவன் அவன்?"

"அவன் இல்லப்பா, அவங்க. போட்டோ அனுப்பியிருக்காங்க, பாருங்க."

திரையில் அதே மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நின்றார். பக்கத்தில் வேறொரு பெண். அப்பா போனைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"அவர் அடிச்சு விரட்டின முதல் பொண்டாட்டி. பேஸ்புக்ல அவரோட படத்துக்குக் கீழ 'நல்லா விசாரிங்க'ன்னு இவங்க எழுதியிருந்தாங்க, இவங்ககிட்டயே விசாரிச்சேன். இன்னிக்கு நான் ஹலோ போடலைன்னா, அடுத்த வருஷம் இன்னொருத்தி எனக்குப் போட்டிருப்பா."